குல்லா வைத்த கோட்டும் வைக்காத கோட்டும்

7 மார்ச் 1993, ஞாயிறு

காலை ஐந்தரைக்குக் குரோம்பேட்டையிலிருந்து திருநீர்மலை வரை நடை. மே விடுமுறையில் இமயமலையில் பிண்டாரி பனியாற்றுக்குச் செல்வதற்கான பயிற்சி. முதுகுப் பையில் எடைக்காகப் பழைய சட்ட இதழ்த் தொகுதிகள் ஆறு வைத்திருந்தேன், ஒன்பது கிலோ. அழைத்துச் செல்பவர் தாம்பரம் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் சவுரிமுத்து. அந்த மலைகளுக்கு நான்கு முறை சென்று வந்தவர். என் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மலையாண்ட வாதாடப் போறீங்களா?" என்றார்.

அவரிடம் பஞ்சு வைத்துத் தைத்த குளிர்க் கோட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்றில் குல்லா சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. மற்றது கழுத்துப் பட்டையோடு சரி. "எது வோணுமோ நீங்க எட்த்துக்கோங்க. மிச்சம் எனக்கு" என்று இரண்டையும் கொடுத்தனுப்பினார். ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் இப்படி ஒரு நண்பர் அமைவது சாதாரணமன்று.

10 மார்ச்

குல்லாவுக்குச் சாதகம்: கழுத்துவழி குளிர் புகாது, காற்றில் பறக்காது, எங்கேயும் மறந்து வைத்துவிட இயலாது.

பாதகம்: நூற்றிருபது கிராம் கூடுதல் (மளிகைக் கடைத் தராசில் நிறுத்தது). மழை அங்கியிலும் ஒரு குல்லா உண்டு. ஆகவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு. போடாதபோது பிடரிக்கும் பைக்கும் நடுவே மூட்டையாகத் திரளும். குல்லா இல்லாத கோட்டோடு மங்கி குல்லாவைத் தனியே போட்டுக்கொள்ளலாம், சூடேறினால் கழற்றலாம் என்பதும் கருதத்தக்கது.

என் மனைவி சுந்தரவல்லி எதிரே வந்து நின்று, "ஒரு கோட்டுக்கு இத்தனை வாய்தாவா?" என்றாள்.

முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.

14 மார்ச், ஞாயிறு

சோதனைக்காகக் குல்லாக் கோட்டை அணிந்தே நடந்தேன். வேர்த்துக் கொட்டியது. பம்மல் தாண்டியதும் யாரோ என் பைப்பட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். சவுரிமுத்துதான். மறுகணம் தண்ணீர் லாரி ஒன்று தோளை உரசுவதுபோல் கடந்தது.

"ஆரன் அட்ச்சுகினே வர்றான். காதுல வுழல?"

குல்லாவின் பஞ்சு கனமானது என்றேன். அவர் கோட்டை வாங்கி அணிந்தார். குல்லாவை மோவாய் வரை இறுக்கிக்கொண்டு, பத்தடி பின்னால் நின்று பேசும்படி சொன்னார். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னார். பிறகு என்னை வெறுந்தலையோடு முன்னால் நிறுத்தினார். அவர் தொடங்குவதற்காகக் காத்திருந்தேன். இன்னும் என்ன தாமதம் என்று திரும்பினேன்.

"மூணு தபா பேசிட்டேன் சார்" என்றார்.

15 மார்ச்

செங்கல்பட்டு கோர்ட்டுக்குப் போகும் ரயிலில் வழக்குக் கட்டில் ஒரு பக்கமும் படிக்கவில்லை. சாட்சியின் பதில் ஒவ்வொன்றையும் திரும்பப் படிக்கச் செய்வது என் வழக்கம். கட்சிக்காரர் எதையும் எழுத்தில் தர வேண்டும் என்பது என் நிபந்தனை. ஜாக்கிரதையான வக்கீல் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில் என் புத்தியின் பங்கு எவ்வளவு, காதின் பங்கு எவ்வளவு? — தெரிந்தால் எவன் வழக்கு கொடுப்பான்? செவிட்டு வக்கீல்கிட்ட? வேண்டாம். யாரிடமும் சொல்ல வேண்டாம்.

நேற்றுப் பிரியும்போது சவுரிமுத்து சொன்னது: "அங்க ஒத்தையடிப் பாதை சார். பின்னால கோவேறு கழுத மூட்டையோட வரும். வூட்ல சொல்லி, டாக்டராண்ட காட்டிகினு வாங்க. இல்லாங்காட்டி நான் இட்டுகினு போ மாட்டேன்." கோபமின்றித்தான் சொன்னார்.

16 மார்ச்

சொல்லவில்லை.

17 மார்ச்

சொன்னேன். சுந்தரவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சு வருஷமாத் தெரியும்னா. பின்னாலேர்ந்து கூப்ட்டா நீங்க திரும்பறதில்லே. அதான் எதிர்த்தாப்ல வந்து நின்னுண்டு பேசறேன்."

அதை அவளுடைய சுபாவம் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஆதாரம் கேப்பேள்."

ஐந்து வருஷம். உப்பு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூட அடுப்பை விட்டு எழுந்து கூடத்துக்கு வந்திருக்கிறாள். இதை எந்த வார்த்தையால் எழுதுவது? தெரியவில்லை. நன்றி என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

3 ஏப்ரல்

டாக்டர் சோதித்ததில் இரண்டு காதும் குறைவு, இடது அதிகம். காதுக்குப் பின்னால் பொருத்தும் கருவி இன்று வந்தது. இந்தப் பேனா காகிதத்தில் உரசும் சத்தம் கேட்கிறது.

18 ஏப்ரல், ஞாயிறு

கருவியோடு குல்லாவைப் போட்டால் துணி அதில் பட்டு 'கூ' என்று விசில் அடிக்கிறது. சவுரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்து, "எங்க சார் குக்கரு?" என்றார். குல்லா இல்லாத கோட்டில் இந்தத் தொல்லை இல்லை. சாதக பாதகங்கள் அனைத்தும் தள்ளப்பட்டு, இந்த ஒரே காரணத்தால் குல்லா இல்லாததே எனக்கு என முடிவாகிறது.

கருவியை வீட்டிலும் நடையிலும் அணிகிறேன். நீதிமன்றத்துக்குப் போகையில் தாம்பரத்தில் ரயில் ஏறியதும் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறேன்.

20 மே, பிண்டாரி வழியில் ஃபுர்கியா

பத்தாயிரம் அடிக்கு மேல். விரல் விறைப்பதால் சுருக்கமாக. பகலில் கருவியும் குல்லா இல்லாத கோட்டும். பொழுது சாய்ந்ததும் கருவியைக் கழற்றிவிடுவதால் எனக்குக் குல்லாதான் சுகம். கேட்காமலே சவுரிமுத்து தம்முடையதைக் கழற்றிக் கொடுத்து என்னுடையதை வாங்கிக்கொள்கிறார். மூன்று நாளாக இப்படித்தான் மாற்றிக்கொள்கிறோம். முன் பிறப்பித்த உத்தரவு இவ்வாறு திருத்தப்படுகிறது.

இன்று நடக்கும்போது பனி உடைந்து சரியும் ஓசை, மிகத் தொலைவிலிருந்து. முதலில் திரும்பிப் பார்த்தவன் நான்.

கருவியைக் கோர்ட்டில் போடுவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "மலைக்குக் காட்ற காத ஜட்ஜுக்குக் காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டு, டீயை என் பக்கம் தள்ளினார்.

8 ஜூன், செவ்வாய்

கருவியோடு எழுந்து நின்றேன். என் செவித்திறன் குறைவு, ஆகவே சாட்சிக் கூண்டின் அருகே நின்று குறுக்கு விசாரணை செய்ய அனுமதி வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்டேன். "செய்யுங்கள்" என்றார், அவ்வளவுதான். சாட்சி ஒரு வயதான அம்மாள், மெல்லிய குரல். ஒரு பதிலையும் திரும்பப் படிக்கச் சொல்லவில்லை. கட்சிக்காரர் வழக்குக் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போகவும் இல்லை.

உணவு இடைவேளையில் எதிர்த் தரப்பு வக்கீல் ஸ்ரீநிவாசராகவன் என்னைத் தாழ்வாரத்தின் கோடிக்கு அழைத்துப் போனார். பதினெட்டு வருஷமாக எனக்கு எதிராக வாதாடுபவர். கோப்பைப் புரட்டிக்கொண்டே, "அந்த டாக்டர் எங்க இருக்கார், சார்?" என்றார்.

முகவரி சொன்னேன். புதன்கிழமை மாலையில் கூட்டம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.