படுத்த கம்பியும் நின்ற கொக்கியும்

12-3-2008, புதன்

உலோகப் பொடியை லேசரில் உருக்கி, அடுக்கடுக்காகச் செய்த பளு தூக்கும் கொக்கிகள் இரண்டு சோதனைக்கு வந்திருந்தன. கூடவே அதே பொடியில் செய்த ஆறு கம்பிகள். கப்பலூரில் எங்கள் சோதனைக் கூடத்தில் ஆறையும் இழுத்துப் பார்த்தேன். எல்லாம் தேறின. பிறகுதான் கூட வந்த தாளைப் படித்தேன். கம்பிகளைப் படுக்கவைத்துச் செய்திருக்கிறார்கள், கொக்கிகளை நிற்கவைத்து. கம்பியை இழுத்தால் அடுக்குகளின் நீளவாக்கில் இழுக்கும்; கொக்கியில் பளு ஏறினால் அடுக்குகளைத்தான் பிரித்து இழுக்கும். ஒரு கொக்கியை அறுத்து, அதிலிருந்தே கம்பி எடுத்து இழுத்தேன். சொன்ன பளுவுக்கு வெகு முன்பே அடுக்கோடு பிரிந்தது.

"கொக்கி செஞ்சவன் குடுத்த ஆறும் பாஸு. கொக்கிய எதுக்கு மாப்ள அறுத்த? ஆறை மட்டும் எழுது" என்றார் மேலாளர்.

"கொக்கிக்குக் கீழ நிக்கப்போறது லோடுமேன். நீங்க வேணா போயி நில்லுங்கண்ணே, எழுதித் தாரேன்."

"இம்புட்டு வாய் ஆகாதுடா" என்று சிரித்தார். செத்தால் லோடுமேன்தானே என்ற சிரிப்பு.

ஏழாவது முடிவையும் எழுதி, 'தேறவில்லை' என்று கையெழுத்திட்டு, கொக்கியை வாங்கவிருக்கும் கம்பெனிக்கு நானே தபாலில் அனுப்பிவிட்டேன். நாளை எனக்கு இந்த வேலை இருக்காது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அந்தக் கொக்கி எவன் தலைக்கு மேலும் தொங்காது.