கனகுவின் மனையில் ஒரு மாமரம்

திருநகர், மதுரை.
2.2.2025

அன்புள்ள கனகலட்சுமிக்கு,

முத்துமீனா எழுதுவது. இங்கே நானும் மரங்களும் சௌக்கியம். அங்கே மெல்போர்னில் நீயும் ஆபரேஷன் செய்த உன் முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள்? இதைப் போனிலேயே கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ ‘ம்’ கொட்டுவாய், பின்னாலிருந்து பேத்தி கூப்பிடுவாள், வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் சொல்லி முடிக்கிறவரை நீ எங்கும் ஓட முடியாது.

முதலில் நல்ல சேதி. உன் மனையில் நிற்கிற சீரகத்தான் மாமரம் பூத்துவிட்டது. நட்டு ஆறு வருஷத்தில் இதுதான் முதல் பூ. காலையில் பல் விளக்கிக்கொண்டே பார்த்தவள், வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் இன்றைக்கு இன்னொரு தடவை சொல்லத் தோன்றுகிறது. உன் அம்மாவின் சோழவந்தான் வீட்டுக் கொல்லையில் நின்ற மரம். பழத்தின் தோலைக் கிள்ளினால் சீரக வாசம் அடிக்கும். வேறு எங்கும் நான் அந்தப் பழத்தைத் தின்றதில்லை. வீட்டை வாங்கியவர்கள் மரத்தை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நர்சரிக்காரர் சோணையைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். மாங்கன்று இருந்த தொட்டியை மரத்தில் தூக்கிக் கட்டி, கன்றின் தண்டையும் மரத்தின் கிளையையும் சீவி, இரண்டையும் சேர்த்து ஒட்டுக் கட்டினார். மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் அந்தரத்தில் தொங்கிய அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அந்த வீட்டுப் பெண் என்னைக் கிறுக்கச்சி என்றுதான் நினைத்திருப்பாள். ஒட்டுப் பிடித்துப் பிரித்து எடுத்து வந்த அடுத்த வாரம் தாய்மரத்தை வெட்டிவிட்டார்கள். நட்ட மறுவருஷம் நான் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தபோது ஆடு புகுந்து மொட்டையாகக் கடித்துப் போட்டதே, அதிலிருந்தும் தழைத்து வந்துவிட்டது.

மற்ற மரங்கள் எல்லாம் குட்டை. தண்ணீர் டிரம்மைப் பாதியாக அறுத்து, பதினொரு டிரம்மில் வைத்திருக்கிறேன். உள்ளே சிவந்த நாட்டுக் கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, மாதுளை, சீத்தா. முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவேன். வருஷா வருஷம் கவாத்து செய்து என் தோளுக்கு மேல் போகவிடுவதில்லை. ஏணி இல்லாமல், குனியாமல், கையெட்டும் உயரத்தில் நீ பறிக்க வேண்டும். ஏணியில் ஏறுகிற முழங்காலா உனக்கு?

உசிலம்பட்டிப் பக்கம் கிராமம் கிராமமாக இரண்டு பேரும் நர்ஸ் வேலை பார்த்த காலத்தில் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினோம். ரிட்டயர் ஆனதும் ஆளுக்கொரு வீடு, நடுவில் சுவர் கிடையாது என்று பேசிக்கொண்டோம். என் வீடு எழும்பிவிட்டது. நீ மகனிடம் போனதிலிருந்து உன் மனைக்கு நான் காவல். மனையில் ஓர் அடிகூடச் சும்மா கிடக்கவில்லை, வந்து பார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. சாயங்காலம் பால்காரர் வந்து, “எம்புட்டுக்கா ஊத்த?” என்று கேட்டார். அரை லிட்டர் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சளி என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் எதற்குப் பொய்?

மாத்திரையை நேரத்துக்குப் போடு. பேத்திக்கு என் முத்தம்.

என்றும் உன்,
மீனா

*

திருநகர்.
27.3.2025

கனகுவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. சுகமாகத்தான் இருப்பாய்.

செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் மகன் பாண்டிராஜ் வந்தான். கூட இரண்டு பேர், கையில் அளக்கிற டேப். நான் டியூபைப் பிடித்துக் கொய்யாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒருவன் என் சப்போட்டா டிரம்மைக் காலால் தள்ளி, அது நின்ற இடத்தில் ஆணி அடித்தான். என்னப்பா இது என்று கேட்டேன். “அத்தை பவர் எழுதிக் குடுத்துட்டாக மீனாத்தே, பார்ட்டி எடம் பாக்க வந்துருக்காக. ஒங்ககிட்ட சொல்லலையா?” என்றான்.

சொன்னாளே, நான்தான் மறந்துவிட்டேன் என்று தலையை ஆட்டினேன். அந்தப் பயலுக்கு முன்னால் வேறென்ன செய்ய? அவர்கள் போன பிறகு பார்த்தால் தண்ணீர் என் காலடியில் குளமாக நின்றது.

உன் நிலம். நீ விற்கலாம். மகன் அங்கே வீடு வாங்குகிறான், நீ இனி அங்கேதான் என்றால் அதுவும் நியாயம்தான். ஆனால் அதை நான் பாண்டிராஜ் வாயால் கேட்க வேண்டுமா? பவர் கொடுத்துவிட்டால் கையெழுத்துப் போடக்கூட நீ வர வேண்டாமாம். அதுதான் எனக்கு ஆறவில்லை. விற்கிற சாக்கிலாவது ஒரு தடவை வருவாய் என்று நினைத்திருப்பேன், முன்கூட்டியே தெரிந்திருந்தால்.

டிரம்களை எல்லாம் என் பக்கம் நகர்த்திவிட்டோம். சோணையும் அவருடைய ஆளும் உருட்டினார்கள், நானும் ஒரு கை போட்டேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. சீரகத்தானை நகர்த்த முடியாது. அது நிலத்தில் நிற்கிற மரம். வாங்குகிறவர்கள் முதல் வேலையாக இடத்தைச் சமப்படுத்தி காம்பவுண்ட் எழுப்புவார்களாம். பிஞ்செல்லாம் எலுமிச்சை அளவுக்கு வந்திருக்கிறது, கனகு. பதினேழு எண்ணியிருக்கிறேன்.

எனக்காக எதையும் நிறுத்த வேண்டாம். உன் அம்மா கையால் தண்ணீர் ஊற்றிய மரத்தின் கடைசிக் கிளை இது. அவர் முகத்துக்காகவாவது பழுக்கிறவரை பொறுக்கச் சொல். முடிந்தால் ஒருமுறை வந்து, ஒரு பழம் தின்றுவிட்டு, அப்புறம் விற்றுக்கொள்.

மீனா

*

திருநகர்.
8.6.2025

அன்புக் கனகுவுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன். உட்கார்ந்து, நிதானமாகப் படி.

போன கடிதம் கிடைத்த அன்றே நீ கூப்பிட்டு அழுதாய். சொல்லத் தைரியம் வரவில்லை மீனா என்றாய். பாண்டிராஜிடம் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாய். “ஆடி மாசம் வாரேன்டி, எங்கம்மா மரத்த ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்” என்றாய். மகன் டிக்கெட்டும் போட்டுவிட்டான். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. முன் அறைக்கு வெள்ளை அடித்தேன். உனக்குத் தரையில் உட்கார வராது என்று உயரமான நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். பால்காரரிடம் ஆடி மாதம் ஒரு லிட்டர் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.

மரத்தில் அணில் போக ஒன்பது பழம் மிஞ்சியது. போன ஞாயிறு முதல் பழத்தை அறுத்தேன். புளிப்பு. சரியாகப் பழுக்கவில்லை போல என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அடுத்ததை அறுத்தேன். தானாக விழுந்த பழம். அதுவும் புளிப்பு, பல்லெல்லாம் நார். தோலைக் கிள்ளி முகர்ந்து முகர்ந்து பார்த்தேன். சீரக வாசம் இல்லை. மழை இல்லாததால் இருக்கும், முதல் காய்ப்பு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்றாவது பழத்தோடு சமாதானம் தீர்ந்துபோயிற்று. சோணையைக் கூப்பிட்டேன்.

அவர் மரத்தடியில் நான் குவித்து வைத்திருந்த சருகை விலக்கினார். கணுக்கால் உயரத்தில் ஒட்டுக் கட்டிய இடம் முடிச்சுப் போட்டதுபோல் இருந்தது. அதற்கு மேலே விரல் நீளத்துக்குப் பட்ட குச்சி. பெரிய தண்டு அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பியிருந்தது. “யக்கா, மேல ஒட்டுன சீரகத்தான அன்னைக்கே ஆடு தின்னுருச்சு. கீழ இருந்த மாங்கன்னுதான் தழைச்சு இம்புட்டு பெருசா நிக்குது” என்றார்.

மொட்டையாகக் கிடந்தது துளிர்விட்டதும், எங்கிருந்து துளிர்க்கிறது என்றுகூடப் பார்க்காமல் சந்தோஷப்பட்டிருக்கிறேன். முப்பது வருஷம் ஊரார் பிள்ளைகளை எடை போட்டுப் பார்த்து, நகம் கண்ணெல்லாம் பார்த்து, தாய்மார்களைத் திட்டியவள் நான். ஐந்து வருஷமாக யாரோ தின்றுபோட்ட மாங்கொட்டையில் முளைத்ததற்கு உன் அம்மா மரம் என்று தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். தினமும் அதோடு பேசியும் இருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சோழவந்தானில் தாய்மரமும் இல்லை. சோணையிடம் கேட்டேன். வேறு எந்தக் கொல்லையிலும் அந்த ரகத்தை அவர் பார்த்ததில்லை என்கிறார். ஆக அந்தப் பழம் போய்விட்டது, கனகு. என் அஜாக்கிரதையால் போய்விட்டது. என்னை மன்னித்துக்கொள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது சோணை, “நீங்க சொல்லாட்டி யாருக்குக்கா தெரியப் போகுது?” என்றார். உண்மைதான். நீ வரும்போது ஆடி மாதம், மரத்தில் காய் இருக்காது. நீ தொட்டுப் பார்ப்பாய், அழுவாய், மனையை விற்கவே மாட்டேன் என்பாய். நானும் பக்கத்தில் நின்று அழுதிருப்பேன். மூன்று நாள் அந்த எண்ணத்தோடுதான் இருந்தேன். முதல் நாள் எழுதிய கடிதத்தில் பழம் தேனாக இருந்தது என்றுகூட எழுதிவிட்டேன். அப்புறம் கிழித்துப் போட்டேன். நீ எனக்குப் போனில் சொல்லாமல் விட்டதற்கு உன்மேல் அத்தனை கோபப்பட்டவள், இதை உன்னிடம் மறைத்து வைத்துக்கொண்டு எப்படி உன் முகத்தைப் பார்ப்பேன்?

ஆகையால் மனை விஷயத்தில் நீ தாராளமாக முடிவெடு. பாண்டிராஜைத் திரும்பக் கூப்பிட்டு முடிக்கச் சொல். உன் மனையில் இப்போது நிற்பது சாதாரணப் புளிப்பு மாமரம், ஊறுகாய்க்கு ஆகும். அதற்காக நீ எதையும் நிறுத்திவைக்க வேண்டாம்.

டிக்கெட்டை மட்டும் ரத்து செய்யாதே. அம்மா மரத்துக்காகத்தான் கிளம்புகிறாய் என்று எனக்குத் தெரியும். மரத்துக்காக வா, பழத்துக்காக வா என்று ஆறு வருஷமாக எழுதினேன். ஒரு தடவைகூட எனக்காக வா என்று எழுதவில்லை. கேட்டு நீ வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் இப்போதும் இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன். எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, பேச ஆள் இல்லை, உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். என்னைப் பார்க்க வா, கனகு.

உன் மீனா