கண்ணாடியை மூடிய சலூன்

அன்பு மகளுக்கு, உன்னைப் பெற்றதைத் தவிர மற்ற எல்லாப் பாடுகளையும் பட்டு வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கு உன் சித்தியும் நானும் என் இடது கையும் சுகம். வலது கையின் சுகம் பற்றி விவரமாகக் கீழே. அங்கு நீயும் உன் இரண்டு கைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசி மூன்று கடிதங்கள் சித்தியின் கையெழுத்தில் வந்ததைப் பார்த்து, சித்தப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு, மறைக்கிறீங்க, நான் வேலையை விட்டுட்டு வர்றேன் என்று போனில் அழுதாயாமே. மறைத்தது உண்மைதான். இதை நானே எழுதுகிறேன். மேலே உள்ள வரிகள், மையில் விழுந்த எறும்பு தள்ளாடி வீட்டுக்குப் போனது போலிருந்தால் பதறாமல் படி.

நாலு மாதத்துக்கு முன் சலூன் ஷட்டர் சரிந்து என் வலது கையை நசுக்கியது. வீக்கம் பத்து நாளில் வடிந்தது, கை மட்டும் ஆடத் தொடங்கியது. சாதாரண ஆட்டமா அது! டம்ளரை எடுத்தால் டீ எதிர்வீட்டு மாடிக் கொடியில் காயும் துணியை நனைக்கும். முப்பத்தோரு வருஷமாக இந்தத் தெருவின் தலைகளையெல்லாம் ஆண்ட கை! கடைசியில் நம்ம மீசைக்காரர், அதாவது ஓய்வுபெற்ற பஸ் செக்கர், டிக்கெட் எடுக்காதவன் அவர் மீசையைக் கண்டதுமே ஓடும் பஸ்ஸிலிருந்து குதிப்பானே, அவருடைய இடப்பக்க மீசையில் முக்கால்வாசி ஒரே நொடியில் துண்டில் விழுந்தது. கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கே கடையை மூடினேன். இனி கத்தரியே பிடிக்க முடியாதோ என்ற பயத்தைச் சித்தியிடம்கூடச் சொல்லவில்லை.

எல்லா ஸ்கேனும் எடுத்தாயிற்று. எனக்கு மூளை இருப்பதற்கு இப்போது எழுத்துபூர்வமான ஆதாரம் இருக்கிறது, சித்திதான் நம்ப மறுக்கிறாள். எதிலும் பழுதில்லை என்றதும் அவள் தம்பி, அத்தான் சும்மா நடிக்கிறார்க்கா, வேலை செய்ய உடம்பு வணங்கலை என்று தீர்ப்பு வழங்கினான். பிறகு நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம், அவனும் வந்தான். அந்த அம்மா என் இடது கை விரலால் மேஜையில் ஒரே தாளமாகத் தட்டச் சொன்னார். தட்டினேன். வலது கை என்ன செய்தது தெரியுமா? தன் சொந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, இடது கையின் தாளத்துக்கு ஆடியது! வேகத்தை மாற்றச் சொன்னார், அதுவும் மாறியது. விட்டுவிட்டுத் தட்டச் சொன்னார், ஒரு கணம் நின்றேவிட்டது. போச்சு, நடிப்புதான் என்று எழுதிவிடப் போகிறார்கள் என்று பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவன் போல விழித்தேன். அவரோ, நீங்க நடிக்கலைங்க, ஆட்டம் நிஜம், அதை நீங்களா ஆட்டலை, ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைங்கிறதுக்காக இதைச் சொல்லலை, உங்க கையே இப்போ காட்டுச்சே, அதை வச்சுத்தான் சொல்றேன், ரேடியோ மாதிரிதான், செட் கெடலை, ஸ்டேஷன் நகர்ந்துபோச்சு, திருப்பிக் கொண்டுவரலாம், ஒரே நாள்ல ஆகாது, கையையே பார்த்துக்கிட்டிருந்தா அதிகமாகும் என்றார். மைத்துனன் அறைக் கூரையில் மின்விசிறி எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அடுத்து பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். அவர் கேட்ட முதல் கேள்வியே, கடையில எத்தனை கண்ணாடி? முன்னால் நாலு, பின்னால் நாலு. ஒன்றுக்குள் ஒன்றாக நானூறு கைகள் நடுங்குவதை அல்லவா நான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்! எல்லாவற்றுக்கும் பழைய செய்தித்தாள் ஒட்டினோம். பூமியில் கண்ணாடியை மூடிவைத்த ஒரே சலூன் நம்முடையதுதான். ஆறு வாரம் பயிற்சி. ஊதிய பலூனுக்குச் சோப்பு தடவிச் சவரம் செய்ய வேண்டும், இடது கை தொடையில் சீப்பால் மெதுவாகத் தாளம் போட வேண்டும், வாய் பலூனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் வாரத்து வெடிச்சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் குடும்பத்தோடு பதுங்கினார். பலூனை ஊதி ஊதிக் கன்னம் வீங்கியது யாருக்குத் தெரியுமா? தீர்ப்பு வழங்கிய மைத்துனனுக்கு.

போன வியாழக்கிழமை கடையைத் திறந்தேன். யாரும் வரவில்லை. பதினோரு மணிக்கு மீசைக்காரர் வந்து உட்கார்ந்தார். மீசை காடாக வளர்ந்திருந்தது. மூணு மாசமா வேற எவன் கையும் இதுமேல படலைய்யா, வெட்டு என்றார். கை ஆடியது. சீப்பால் தொடையில் தட்டிக்கொண்டே, டிக்கெட் எடுக்காதவர்களில் மகா கெட்டிக்காரன் யார் என்று கேட்டேன். தன் மனைவியைச் சவப்பெட்டி போன்ற பெரிய பெட்டிக்குள் வைத்து ஏற்றியவன் கதையை ஆரம்பித்தார். நான் கதைக்குள் விழுந்தேன். பெட்டிக்குள்ளிருந்து தும்மல் வந்த இடத்தில்தான், மீசை வேலை முடிந்திருப்பதைக் கவனித்தேன். அவர் எழுந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டிய செய்தித்தாளைக் கையகலம் கிழித்து மீசையை வெகுநேரம் பார்த்தார். வலப்பக்கம் ஒரு நூல் தூக்கலா இருக்கு என்றார். முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லும் அதே புகார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

காலையில் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, திரும்பவும் வரலாம், பயப்படாதீங்க என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நீ வேலையை விடாதே. லீவில் வா. அதுவரை உன் முடியை எவரிடமும் நீட்டாதே, நான் இருக்கிறேன். உன் தலையில் ஒரு முடிகூடக் கோணாமல் நூறு வயது நன்றாக இரு. மறக்காமல் ஒன்று செய், இந்தக் கடிதத்தின் முதல் வரியையும் இந்த வரியையும் பக்கத்தில் வைத்துப் பார். உன்னிடம் பேசிக்கொண்டே இருந்தேனா, நடுவில் ஆட்டம் எங்கே நின்றது என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
கையையும் மனசையும் உன்னிடம் விட்ட,
சித்தப்பா