பாஸ்கல் அண்ணனின் நெளிந்த மூளைப்படம்

மார்ச் 3, செவ்வாய்
கேன்டீனில் எட்டு மணிக்கே நாசி லெமாக் தீர்ந்துவிட்டது. அநியாயம்.

இன்று ஸ்கேனுக்கு வந்தவர் செமோர் ஊர்க்காரர் பாஸ்கல் அண்ணன். கல்யாண மேடைகளில் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறவர். முன்மூளையில் கட்டி. பேச்சை நடத்தும் இடம் அதற்கு எவ்வளவு பக்கம் என்று, ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் திருத்தி நான் தரும் படம்தான் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அடுத்த வியாழன் அறுவை.

"பேச்சு போச்சுன்னா நான் வெறும் கோட்டு சூட்டுதாம்மா பிரமிளா," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 4
மூக்குக்கு மேலே காற்றறைகள். அங்கே காந்தப்புலம் குழம்பி, படம் ரொட்டி மாவு மாதிரி இழுபடும். அதனால் எதிர்த்திசையிலும் ஒரு படம் எடுப்போம். ஒன்றில் முன்னால் இழுபடும், மற்றதில் பின்னால். இரண்டையும் ஒப்பிட்டு கம்ப்யூட்டர் சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும்.

கண்டுபிடித்த லட்சணம்! நெற்றிப் பக்கம் முன்னைவிட மோசம். ஐயோ, என்னதான் பிரச்சினை உனக்கு?

மார்ச் 5
பிடித்துவிட்டேன்! இரண்டு படத்துக்கும் நடுவில் தலை நகர்ந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்த யுகேந்திரனைக் கேட்டேன்.

"நடுவுல மைக்ல 'ஓகேவாண்ணே'ன்னு கேட்டேன். ஓகேன்னாருலா."

"வாயாலயா?"

"இல்லக்கா... தலைய ஆட்டினாரு."

நம்ம ஆளிடம் ஓகேவா என்று கேட்டால் வேறு எதை ஆட்டுவார், வாலையா? சிரித்துத் தொலைத்தேன். ஆனால் இந்தப் படத்தை டாக்டரிடம் கொடுக்க முடியாது. அண்ணனை மறுபடி வரச் சொன்னேன்.

மார்ச் 9, திங்கள்
ஸ்கேன் முடியும்வரை யுகேந்திரன் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். பாவம், தவித்துப்போனான்.

படம் நேராகிவிட்டது! பழையதில் கட்டியோடு ஒட்டித் தெரிந்த பேச்சு இடம் இப்போது ஒரு விரல் தள்ளி இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, மலாயில் "போலே," முடியும் என்றார். கட்டியை முழுதாக எடுக்கலாமாம்.

மார்ச் 12
அறுவை முடிந்தது. கண் விழித்துவிட்டார். பேசவில்லை.

மார்ச் 13
இன்னும் இல்லை. வீக்கம் வற்ற வேண்டும் என்கிறார்கள். என் படம் தப்போ? ஒரு விரல்னு நான்தானே சொன்னேன்... சோறு எறங்கல.

மார்ச் 15, ஞாயிறு
அவர் மனைவி அகதா அக்காவிடமிருந்து போன். பின்னால் ஒரு குரல், தடுக்கித் தடுக்கி: "யாரு... போன்ல? குடு... இங்க."

"காலைலருந்து இப்படித்தான்மா. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காரு. நர்ஸு வந்து வாய மூடச் சொல்லுது." அக்கா அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

"மூட வேணாம்னு சொல்லுங்கக்கா," என்றேன்.