பனியாற்றில் கேட்ட உத்தரவு

ஃபீஷ் கிராமம், வாலிஸ்
1871, ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு மகன் காஸ்பாருக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் இரண்டு பசுக்களும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகள் வெரேனாவும், போன மாதக் கடிதத்தில் நீ எழுதியபடி அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினம் ஜெபமாலை சொல்கிறேன். வீட்டை விற்றுவிட்டு அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறி வந்துவிடுங்கள் என்று நீ எழுதியது வசந்தத்திலேயே கைக்கு வந்துவிட்டது, பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அப்பா கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் புல் அறுத்தவர், வாயைத் திறந்தால் சாபம், அதனால் நம் ஊர் ஆத்துமாக்களோடு அவரும் மேலே பனியாற்றின் பனிக்கட்டிக்குள் குளிரில் நின்று பாவம் தீர உத்தரித்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் கல்லடுப்பை அணைக்காமல் விட்டுப் பக்கத்தில் விளக்கும் வைக்கிறேன், வந்து சற்றுக் குளிர்காய்ந்துவிட்டுப் போகட்டும் என்று. நான் கிளம்பிவிட்டால் அவருக்கு யார் இருக்கிறார்கள்? உன்னிடம் வரவும் முடியாமல் அவரை விடவும் முடியாமல் இந்தக் கோடை முழுக்கத் தவித்துப்போனேன்.

இதற்கு நடுவில் மாடியை ஓர் இங்கிலீஷ்காரத் தம்பதிக்கு விட்டிருக்கிறேன், ஆஷ்வெல் என்று பெயர், காற்று மாற்றத்துக்கு வந்தவர்கள். அடேயப்பா, அவர்கள் பண்ணும் கூத்தை நீ பார்க்க வேண்டும். துரை தினமும் காலையில் தகரத் தொட்டியில் ஓடைத் தண்ணீரை நிரப்பி அதற்குள் உட்கார்ந்துகொண்டு பாடுகிறார். அந்த அம்மாள் வெயிலுக்கு முகத்தில் கொழுப்பைத் தடவி, பச்சை வலை போட்டு, நீலக் கண்ணாடி மாட்டி, இரும்பு முனைக் கம்போடு புறப்பட்டால் நம் சிவப்புப் பசு மிரண்டு கயிற்றை அறுக்கிறது. நம் கறுப்பு ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் விருந்து மாதிரி சாப்பிடுகிறார்கள், விடியுமுன் எழுந்து போர்வையைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்று, சிகரத்தில் வெயில் விழுவதைப் பார்த்து அழுகிறார்கள். ஆமாம், அழுகிறார்கள்! நான் பிறந்ததிலிருந்து அந்தச் சிகரத்தை வைக்கோல் நனையுமா நனையாதா என்று தெரிந்துகொள்ளத்தான் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் போகட்டும், பனியாற்றுக்குப் போய்ப் பனிக்கட்டிமேல் துணி விரித்துத் தேநீர் காய்ச்சிக் குடிக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களுக்கு வழிகாட்டியாகப் போகிறவன் உன் அத்தை மகன் பெரெக்ரின்தான், அவனைப் பிடித்து, “எத்தனை பேரோட தலைமேல துணி விரிக்கிறாங்கன்னு அவங்ககிட்டச் சொல்லுடா” என்றேன். “சொன்னா அவங்களையும் டீக்குக் கூப்பிடுவாங்க அத்தை, அந்தம்மா அப்பேர்ப்பட்ட ஆளு” என்கிறான். ஆனாலும் விளக்கு விஷயத்தை அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. சிரிப்பாள் என்று நினைத்தேன், அடுத்த சனிக்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்து, தன் அறைக்குக் கொடுத்த விறகில் இரண்டை எடுத்து நம் அடுப்பில் வைத்துவிட்டு மாடியேறிப் போனாள். மறுநாள் பெரெக்ரின் மூலமாக, எங்களோடு வாருங்கள், அவர் இருக்கும் இடத்தைப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது, நானே தனியாகக் குழம்புவானேன், அவரையே நேரில் கேட்டுவிடலாமே.

போன செவ்வாய்க்கிழமை கிளம்பினோம், அம்மாளுக்குக் கோவேறு கழுதை, எனக்கு என் கால். பனியாற்றை ஒட்டி ஓர் ஏரி இருக்கிறதே, பனிப்பாளங்கள் மிதக்குமே, நீ ஆடு மேய்த்த நாளில் பார்த்திருப்பாய், நான் பார்த்ததில்லை. பனியில் கால் வைக்குமுன் சிலுவை போட்டுக்கொண்டேன், கம்பை ஊன்றாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டேன், யார் தலையில் குத்திவிடுமோ என்று பயம். “ஊனி நடங்க அத்தை, வழுக்கி விழுந்தீங்கன்னா நாளைக்கே நீங்களும் அவங்களோட வரிசையில நிக்க வேண்டியதுதான்” என்றான் பெரெக்ரின். அப்புறம் தலையைத் தூக்கினேன். காஸ்பார், எப்படிச் சொல்வேன். இருட்டு, நெருக்கியடித்து நிற்கும் தலைகள், முனகல் என்றுதான் சின்ன வயதிலிருந்து எண்ணியிருந்தேன். முனகலே இல்லையடா. மலைக்கும் மலைக்கும் நடுவே கண் போகிற தூரமெல்லாம் வெள்ளை வெளிச்சம், வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு நீலம், கோயில் மாதாவின் மேலங்கியில்கூட அப்படி ஒரு நீலம் கண்டதில்லை, அடியில் எங்கேயோ தண்ணீர் ஓடுகிறது. அங்கேயே மண்டியிட்டேன். இத்தனை வெளிச்சத்திலா நிற்கிறார், நான் ஒரு கையளவு விளக்கை வைத்துவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாகப் போயிற்று. கடல் தாண்டி வந்து அழுகிறார்களே என்று இவர்களைப் பார்த்துச் சிரித்தேன், அதைப் பார்த்துவிட்டு அழாமல் வேறென்ன செய்வது.

ஏரிக்கரையில் நின்று வாய்விட்டே கேட்டேன், பெரெக்ரின் இருக்கிறான், துரை இருக்கிறார் என்ற கூச்சமெல்லாம் விட்டுவிட்டேன். “என்னங்க, பையன் கூப்பிடறான், மருமக உண்டாயிருக்கா, கூட யாருமில்ல. நான் போகட்டுமா?” என்று. சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. அது அடங்குவதற்குள் எதிரே நம் கோயில் அளவு ஒரு பனிச்சுவர் படீரென்று பிளந்து, ஏரியில் சரிந்து, முங்கி, புரண்டு, அடிப்பக்கத்து நீலமெல்லாம் மேலே வர எழுந்து நின்றது. அலை எங்கள் காலடி வரைக்கும் வந்தது. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அவள் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது, இரண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுதோம். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். “வெயில் காலத்துல இது தினமும் நடக்கிறதுதான் அத்தை” என்றான் பெரெக்ரின். “தினமும் நடக்கட்டும்டா, நான் கேட்டப்போ நடந்துச்சா இல்லையா?” என்றேன்.

ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு வேறு குழப்பம் பிடித்துக்கொண்டது. அது சரியென்று சொன்னதா, இல்லை கோபமா? பால் கறக்கும்போதும் அதே நினைப்பு, பூசையிலும் அதே நினைப்பு. உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. வேண்டாம் என்றால் அசையாமல் உட்கார்ந்திருப்பார், கேட்கிறவர்கள் கேட்டு அலுத்துப்போக வேண்டும். சரி என்று மட்டும் ஆயுசில் ஒரு தடவை வாயால் சொன்னது கிடையாது, கையில் கிடைத்ததைத் தள்ளிவிட்டுத் தடதடவென்று எழுந்து போவார். நீ வெளிநாடு போகக் கேட்ட அன்று கறவை முக்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுத் தொழுவத்துக்குப் போனாரே, காலையில் பார்த்தால் உன் பூட்ஸுக்குக் கொழுப்புத் தடவித் தயாராக வைத்திருந்தாரே. அது நினைவு வந்ததும் கறந்துகொண்டிருந்த பாலை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தேன். அது அவர்தான் காஸ்பார். எழுந்து போனார், உத்தரவு கிடைத்துவிட்டது.

ஆகவே வருகிறேன். இலையுதிர்காலத்தில் நம் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் குடும்பங்களோடு சேர்ந்து வருகிறேன், பசுக்களை உன் அத்தை வாங்கிக்கொள்கிறாள். சனிக்கிழமை அடுப்பையும் விளக்கையும் பெரெக்ரின் பெண்டாட்டி பார்த்துக்கொள்வதாகக் கோயிலில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். வெரேனாவைக் கனமாக எதையும் தூக்க விடாதே, அவளுக்கு வெந்நீர் நீ வை, ஆம்பிளை என்று உட்கார்ந்திருக்காதே. உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம், மாதா உங்கள் கூரைமேல் கை வைத்துக் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் ஊர் சமதரை, மலையும் இல்லை பனியும் இல்லை என்று எழுதியிருந்தாய். நம் வீடுகளில் உயிர் பிரிந்ததும் வெளியே போகட்டும் என்று படுக்கைப் பக்கச் சுவரில் ஒரு சின்னத் திறப்பு வைப்போமே, எனக்கு ஒதுக்கும் அறையில் அதை இப்போதே வைத்துவிடு. நம் மலை இருக்கும் திசையைப் பார்த்து வை. எனக்குத் திரும்பி நடந்துவர வழி வேண்டும், அவர் இங்கே நிற்கிறார்.

உன் அம்மா,
கிரெசென்ஷியா