கஞ்சிக்கு உப்புப் பார்த்தவள்

லாத்தா,

நேற்றுச் சாயங்காலம் எங்கள் புளோக் லிஃப்ட் கதவு திறந்ததும் நோன்புக் கஞ்சி வாசம் முகத்தில் அடித்தது. பள்ளிவாசலில் கஞ்சி வாங்கிக்கொண்டு யாரோ சற்றுமுன் ஏறிப் போயிருக்க வேண்டும். பண்டான் இலை, வெந்தயம், தேங்காய்ப்பால் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. வேறு யாருக்காவது பசி வந்திருக்கும். எனக்கு வந்தது நிம்மதி. "வாசம் தெரியுது, நல்லாத்தான் இருக்கேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்துகொண்டார்.

நீங்கள் இருந்திருந்தால் "இன்னுமா புள்ள பயப்படுறே?" என்று சிரித்திருப்பீர்கள். ஆமாம் லாத்தா, இன்னும்தான். காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவை மோந்து பார்க்காமல் எனக்கு நாள் தொடங்குவதில்லை. மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "கொரோனா போயி எத்தனை வருஷம் ஆச்சு, மா! மூவ் ஆன் லா" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்.

நமக்குள் பழக்கம் ஏற்பட்டது தேக்கா மார்க்கெட்டில், ஒரே ஆட்டிறைச்சிக் கடையில், ஒரே துண்டுக்குச் சண்டை போட்டு. நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள். அடுத்த வாரமே உங்களை லாத்தா என்று கூப்பிடப் பழகிவிட்டேன். கூடப்பிறந்த அக்காவைக்கூட நான் அவ்வளவு உரிமையாகக் கூப்பிட்டதில்லை.

கொரோனா வந்த வருஷம் நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் கடை போட்டிருந்தேன். பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்னதும் கடை படுத்துவிட்டது. உங்கள் பாடும் அதேதான். கல்யாணம் கிடையாது, விருந்து கிடையாது. உட்லண்ட்ஸில் நீங்கள் நடத்திய கேட்டரிங் சமையற்கூடத்தில் அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. நோன்பு வந்தபோது பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. மற்ற வருஷங்களில் வேலை முடிந்து கஞ்சிக்கு வந்து வரிசையாக உட்காரும் பையன்கள், நம் தமிழ்நாட்டுப் பையன்களும் வங்காளப் பையன்களும், தொழிலாளர் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். அறைக்கு அறை காய்ச்சல் என்று செய்தியில் சொன்னார்கள். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

பள்ளிவாசல் நிர்வாகத்தார் உங்களைக் கூப்பிட்டு, கஞ்சி காய்ச்சி ஒரு விடுதிக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். நீங்கள் யோசிக்கவே இல்லை. உடனே எனக்குப் போன்.

"சாந்தி, நோன்பு வச்சுக்கிட்டு எனக்கு உப்புப் பார்க்க முடியாது. நுனி நாக்குல வச்சுத் துப்பிடலாம்னு சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. நீ வந்து பாரு."

வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவளின் நாக்கை நம்பி அவ்வளவு பேருக்கு நோன்புக் கஞ்சி! வீட்டில் வேண்டாம் என்றார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் நீங்கள் கேட்டு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எனக்கென்று தனிக் கோப்பை, தனிக் கரண்டி. கஞ்சியை வாங்கிக்கொண்டு பின்கதவுக்கு வெளியே போய், முகக்கவசத்தைக் கழற்றி, ஒரு வாய் குடித்துவிட்டுக் குரல் கொடுப்பேன். "இன்னும் ஒரு கை போடுங்க" என்றால் போடுவீர்கள். "போதும்" என்றால் அடுப்பை அணைப்பீர்கள். ஒருநாளும் என்னை மறுத்துப் பேசியதில்லை. வேன் ஓட்டும் சீன அங்கிள் வாசலிலேயே நின்று டப்பாக்களை வாங்கிக்கொண்டு போவார். இருட்டியதும் விடுதியிலிருந்து ராமநாதபுரத்துத் தம்பி செய்யது போன் செய்வான்.

"கஞ்சி வந்துடுச்சு லாத்தா. எங்க ரூம்ல முருகனும் கேக்குறான். நாளைக்குக் கொஞ்சம் கூட அனுப்புறீங்களா?"

மறுநாள் கூடுதலாக ஒரு அண்டா ஏறியது. முருகன் நோன்பாளியா என்று நீங்கள் கேட்கவே இல்லை.

பிறகு அந்த நாள். கஞ்சி சப்பென்று இருந்தது. "உப்பே இல்ல லாத்தா" என்றேன். போட்டீர்கள். மறுபடி குடித்தேன். "இன்னும் வேணும்." போட்டீர்கள். மூன்றாம் முறையும் நான் உதட்டைப் பிதுக்கியபோது உங்கள் கை உப்பு டப்பாவின் மேலேயே நின்றுவிட்டது. உதவிக்கு இருந்த மலாய்க்காரப் பெண் ரோஸ்னாவுக்கு அன்று மாதவிலக்கு, நோன்பு இல்லாத நாள். அவளிடம் ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தீர்கள்.

வாயில் வைத்தவுடன் அவள் முகம் கோணியது. "அலாமா, மாசின் லா, காக்!"

உப்புக் கரிக்கிறதாம்.

நீங்கள் இஞ்சி பூண்டு விழுதைக் கிண்ணத்தில் எடுத்துவந்து பின்படியில் வைத்துவிட்டு, விலகி நின்று, "மோந்து பாரு" என்றீர்கள். மூக்கை முட்டிக்கொண்டு மோந்தேன். ஒன்றுமே இல்லை. வாசமும் ருசியும் தெரியாமல் போவதும் இந்த நோய்தான் என்று அந்த வாரம்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்குத் தெரிகிறது, நேற்று? நேற்று எனக்கு நோய் இருந்ததா? நேற்றுக் கஞ்சி குடித்த செய்யது, முருகன், பெயர் தெரியாத அத்தனை பையன்கள்?

வேன்கார அங்கிள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். கொதித்த கஞ்சிதானே, தண்ணீர் கலந்தால் உப்பு சரியாகிவிடும், கொண்டுபோகலாம் என்று மலாயில் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பையன்களுக்கு வேறு கஞ்சி கிடையாது.

"வேணாம் அங்கிள்" என்றீர்கள். பிறகு என்னிடம் தமிழில், "நோன்பு தொறக்குற வாயில சந்தேகத்தை ஊத்தக் கூடாது. கொட்டிடுவோம்."

அத்தனை அண்டாவையும் கொட்டினீர்கள். பிறகு உட்கார்ந்து பள்ளிவாசலுக்கும் டாக்டருக்கும் நீங்களே போன் செய்து, உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். சமையற்கூடத்தை மூடச் சொல்வார்கள் என்று தெரிந்தேதான் சொன்னீர்கள். கடைசியில் செய்யதுக்கு.

"தம்பி, இன்னிக்குக் கஞ்சி வராது. எங்கள்ல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல. நேத்துக் கஞ்சி மிச்சம் இருந்தா யாரும் குடிக்காதீங்க."

"பரவாயில்ல லாத்தா. தண்ணியில தொறந்துக்கிறோம். உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

அதுவரை கல்லாக இருந்த நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள். மறுநாளிலிருந்து வேறொரு சமையற்கூடம் அந்த விடுதிக்குக் கஞ்சி அனுப்பியது.

எனக்கு நோய் என்று உறுதியானது. நோயாளிகளுக்கென்று மாற்றிய பெரிய கண்காட்சி மண்டபத்தில், தடுப்பு வைத்த கட்டில்களில் ஒன்று எனக்கு. உடம்பு என்னைப் பெரிதாகப் படுத்தவில்லை. மனசுதான் படுத்தியது. நீங்கள் வீட்டில் ஓர் அறைக்குள் தனியாக இருந்தீர்கள், சர்க்கரையும் இரத்தக்கொதிப்புமாக. போனில் நீங்கள் செருமினாலும் "என்ன சத்தம் அது?" என்பேன். "தூசி புள்ள, வெறும் தூசி" என்பீர்கள். நம்புவேனா?

ஒரு மத்தியானம் நீங்களாகவே ஆரம்பித்தீர்கள்.

"மௌத்துக்கு எனக்குப் பயம் இல்ல சாந்தி. ஆனா இந்த நோய்ல போனா குளிப்பாட்ட விட மாட்டாங்களாம். பையில போட்டு மூடி அப்படியே கொண்டுபோயிடுவாங்களாம். எத்தனை பொம்பளைங்க மய்யித்தை என் கையால குளிப்பாட்டியிருக்கேன். எனக்கு ஒரு குவளைத் தண்ணி இல்லாமப் போயிடுமோன்னுதான்..."

நீங்கள் அந்தப் பணிக்குப் போய்வருவது எனக்குத் தெரியும். நடுவேலையில் போன் வந்தால் மாவுக் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். ஆனால் உங்களுக்குள் இப்படி ஒரு பயம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அந்தப் பயத்தை உங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது என் மூச்சுத்தானோ? அன்று முருகப்பெருமானை வேண்டினேன், மாரியம்மனை வேண்டினேன், போதாதென்று உங்கள் அல்லாவையும் எனக்குத் தெரிந்த தமிழில் வேண்டினேன். லாத்தாவுக்குத் தண்ணி கிடைக்கணும், இப்ப வேணாம், ஆனா கிடைக்கணும். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

உங்களுக்கு நோய் இல்லை என்று பரிசோதனையில் வந்தது. ரோஸ்னாவுக்கும் இல்லை. செய்யதின் அறையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்து, கூட்டிப்போய், குணமாகித் திரும்பினார்கள். நம்மிடமிருந்து போனதா, ஏற்கெனவே அங்கே இருந்ததா, யாராலும் சொல்ல முடியவில்லை. நான் உங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"தெரியாததைத் தெரியாதுன்னே வச்சுக்குவோம் புள்ள" என்றீர்கள். உங்களால் முடிந்தது. எனக்கு இன்றுவரை முடியவில்லை.

பெருநாளைக்கு முந்தைய சில நாட்கள் மறுபடி அடுப்புப் பற்றவைத்தீர்கள். நான் இன்னும் மண்டபத்தில் இருந்தேன். "சீன அங்கிள்தான் இப்ப உப்புப் பார்க்குறாரு. எது குடுத்தாலும் 'ஓகே லா'ங்குறாரு. சீக்கிரம் வந்து தொலை" என்றீர்கள். நோய் வந்தபிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

போன வருஷம் உங்கள் இதயம் நின்றுபோனது. தொற்று எதுவும் இல்லை, ஆஸ்பத்திரியில், பிள்ளைகள் பக்கத்தில் இருக்க. தகவல் கேட்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீங்கள் பழக்கிவிட்ட பெண்கள் உங்களை உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நான் உள்ளே வரக்கூடாது, தெரியும். வெளியே சுவரோடு உட்கார்ந்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை லாத்தா, படபடப்புத்தான். இப்போது எந்தத் தடையும் இல்லை என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் யாராவது ஒரு பையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ சட்டம் சொல்லிக்கொண்டு படியேறி வந்துவிடுவார்களோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு குவளை, பிறகு இன்னொரு குவளை. பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

உங்களைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்தச் சத்தம்தான் முதலில் கேட்கிறது. வேறு எதையும் நான் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கவில்லை. உங்களால் கேட்டிருக்க முடியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

தாராளமாக ஊற்றினார்கள் லாத்தா. ஓயும்வரை நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

உங்கள் சாந்தி