பரீட்சையில் உங்களைக் கூப்பிட்டதற்காக

என் அன்பு நஸ்லியா தாத்தாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உங்களோடு வாயால்தான் பேசிக்கொண்டிருந்தேன். இனிப் பரீட்சை நேரத்தில் அப்படிப் பேசக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்திருக்கிறது. அதனால் இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கண்டிப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்று கூப்பிடுவார்கள். நான் வத்தேகமயில் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. ஆனாலும் கண்டி டைல்ஸ் கடையில் நான் பில் எழுதவும் நீங்கள் ஸ்டோர் பார்க்கவும் என்று ஒரே மேசையில் உட்கார்ந்த நாளிலிருந்து உங்களை நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அந்த ஒரு சொல்தான் போன மாதம் என்னை ஒரு விசாரணையில் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது.

ஒன்லைனில் கணக்கியல் பட்டம் படிக்கலாம் என்று போனில் விளம்பரத்தைக் காட்டியது நீங்கள்தான். நான் முடியாது என்றேன். "ஒனக்கு முப்பத்தொண்ணு, எனக்கு நாப்பத்திமூணு. ரெண்டு பேரும் இப்ப படிக்காம எப்பயாம் படிக்கிற?" என்று கேட்டு, என் அடையாள அட்டையைப் பிடுங்கி, இரண்டு விண்ணப்பத்தையும் நீங்களே அனுப்பினீர்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆங்கிலப் பாடம், யாரையும் நேரில் பார்க்காத படிப்பு. எனக்கு முதல் நாளிலிருந்தே பயம்தான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குள் டைல்ஸ் பெட்டிகள் மேல் உட்கார்ந்து படித்தோம். எனக்குக் கணக்கு வரும், ஆங்கிலம் வராது. உங்களுக்கு ஆங்கிலம் வரும், கணக்கில் கொஞ்சம் தடுமாறுவீர்கள். கேள்வியை நீங்கள் வாசித்துத் தமிழில் சொல்வீர்கள். நான் விடையைச் சொல்லி, "சரிதானே தாத்தா?" என்பேன். சரியோ பிழையோ உங்களுக்கும் தெரியாத நாட்களில்கூட "எழுது" என்பீர்கள். நான் எழுதிவிடுவேன். அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

பிறகு அந்தக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை டெங்கு என்றார்கள். புதன்கிழமை நீங்கள் இல்லை. வத்தேகமயிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து கம்பளைக்கு இன்னொரு பஸ். நான் வந்து சேரும்போது உங்களை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நீங்கள் லீவில் இருப்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அது பிழையா?

போன மாதம் கணக்காய்வுப் பரீட்சை. உங்களுக்குத் தெரியும், மடிகணினியைத் தூக்கி அறை முழுக்க, மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் எல்லாம் கமராவுக்குக் காட்ட வேண்டும். நீங்கள் இல்லாமல் அதைச் செய்வது அதுதான் முதல் தடவை. மற்ற நாட்களில் பரீட்சைக்கு ஐந்து நிமிடம் முன்னால் உங்கள் குரல்பதிவு ஒன்று வரும், "பதறாத, மொதல்ல பேர எழுது" என்று. அன்று வரவில்லை. அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். கேள்வி திரையில் வந்ததும் ஆங்கிலம் எல்லாம் எறும்பு போல ஊர்ந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது, தாத்தா. மூன்று மணி நேரம் எழுதினேன், முடித்தேன், கதவைத் திறந்தேன். அவ்வளவுதான் ஞாபகம்.

எட்டு நாள் கழித்துக் கடையில் பில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. பரீட்சை நேரத்தில் நான் அறையில் இருந்த இன்னொருவரிடம் உதவி கேட்டேனாம். ஒலிப்பதிவு இருக்கிறதாம். விசாரணைக் குழு முன்னால் விளக்கம் சொல்ல வேண்டும், குற்றம் உறுதியானால் படிப்பிலிருந்து நீக்கப்படலாம் என்று எழுதியிருந்தது. முன்னால் நின்ற வாடிக்கையாளர், "தங்கச்சி, மீதி பில்ல போடுங்க," என்கிறார். எனக்கு எண் எதுவும் தெரியவில்லை. ஸ்டோருக்குள் போய் நீங்கள் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த ஒலிப்பதிவில் நான் யாரிடம் பேசியிருப்பேன் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் சாமிக்கு நேர்ந்துவிட்டு அவர் சாப்பிடாமல் கிடப்பார். யாரிடம் சொல்வது? பரீட்சையில் யாரிடம் பேசினாய் என்று கேட்டால், செத்துப்போனவரிடம் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் யார் நம்புவார்கள்? ஆதாரம் இருந்தால் அனுப்பலாம் என்று மின்னஞ்சலின் கடைசியில் ஒரு வரி இருந்தது. ஆதாரம் என்றால் ஒன்றே ஒன்றுதான். உங்கள் மரணச் சான்றிதழ்.

அதைக் கேட்டு உங்கள் உம்மாவிடம் போவதற்கு எனக்கு மூன்று நாள் பிடித்தது. விசாரணையை நினைத்துப் பயந்ததைவிட அதற்குத்தான் கூடுதலாகப் பயந்தேன். ஒரு தாயிடம் போய், உங்கள் பிள்ளை இல்லை என்ற கடதாசியைத் தாருங்கள், எனக்குப் பரீட்சைக்கு வேண்டும் என்று எப்படிக் கேட்பது?

கம்பளையில் நல்ல மழை. உம்மா கதவைத் திறந்ததும், "மழைக்குள்ளயா மகள் வந்த? தலயத் தொடச்சிக்கோ," என்று துவாய் தந்தார். பிளேன்டீ ஊற்றித் தந்தார். நான் கதிரையின் நுனியில் உட்கார்ந்து கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செல்லு மகள். என்னத்துக்கு இப்பிடிப் பயந்து போய் ஈக்கிற?"

சொன்னேன். பரீட்சை, கமரா, நான் உங்களைக் கூப்பிட்டது, விசாரணை, எல்லாம். முடித்ததும் உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"அவட சத்தம் அதுல கேட்டிச்சா மகள்?" என்றார்.

"இல்ல உம்மா. என் சத்தம் மட்டுந்தான்."

"அந்த வெளிநாட்டு ஆக்கள் வடிவாக் கேட்டுப் பாத்தாங்களாமா?"

நான் அழுதேன். உம்மா அழவில்லை. எழுந்து போய் அலுமாரியைத் திறந்து, உடுப்புகளுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். "போட்டோகொப்பி எல்லாம் வேணாம். இதயே கொண்டு போ. ஒன்ட வேல முடிஞ்சப் பொறகு கொண்டந்து தந்தாப் போதும். எனக்கு இத வெச்சிப் பாத்துக்கொண்டு ஈக்க ஏலா."

கண்டியில் அதை ஆங்கிலத்தில் மாற்றக் கொடுத்தேன். மொழிபெயர்க்கிறவர் அதிலிருந்த பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு இவங்க என்ன உறவு?" என்றார். "அக்கா," என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

விசாரணை திங்கட்கிழமை பின்னேரம். திரையில் மூன்று பேர். நடுவில் நரைமுடி வைத்த ஓர் அம்மா, அவர்தான் தலைவி. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முதலிலேயே கேட்டார்கள். ஓமென்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உங்களைப் பற்றி நான் சொல்லப்போவதை இன்னொருவர் வாயால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்றேன். சொன்ன நொடியிலேயே பயந்துவிட்டேன்.

அவர்கள் ஒலிப்பதிவை எழுத்தாக்கித் திரையில் காட்டினார்கள். ஏதோ ஓர் இயந்திரம் மொழிபெயர்த்தது. அதில் நான் "சரிதானே தாத்தா?" என்று கேட்ட பதினொரு இடத்தில் சிவப்புக் கோடு. தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "உங்களுடைய பாட்டனார் அறையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருமே, அந்தச் சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. மூன்று பேரும் என்னையே பார்க்கிறார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

பிறகு சொன்னேன். பாட்டனார் இல்லை, மேடம். என் அக்கா. அவரும் உங்கள் மாணவிதான். இறந்துவிட்டார். நான் அனுப்பிய கடதாசியைப் பாருங்கள். நீங்கள் இருந்திருந்தால், தாத்தா, என் ஆங்கிலத்தில் நாலு இடத்தில் திருத்தியிருப்பீர்கள்.

தலைவி கடதாசியைத் திறந்து வாசித்தார். திகதியை இரண்டு தடவை பார்த்திருப்பார் போல. இடப்பக்கத்தில் இருந்தவர், அதுவரை வாயே திறக்காதவர், "பதில் வராது என்று தெரிந்தும் ஏன் கேட்டீர்கள்?" என்றார். அதற்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு பதில்தான் இருந்தது. "பயம், சேர்."

அதோடு விடவில்லை. என் கட்டுரைகளை நீங்கள் எழுதித் தந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் என் வசனங்களை நீங்கள் திருத்தியது உண்மைதானே? "ஆங்கிலத்தைத் திருத்தினார். கணக்கைத் தொடவில்லை," என்றேன். தலைவி எதையோ எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பேனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு கேள்வி தந்து அங்கேயே விளக்கச் சொன்னார்கள். ஆண்டு முடிந்து மூன்று நாள் கழித்து இருப்பை எண்ணினால், முடிவுத் திகதியில் இருந்த இருப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? தாத்தா, அது நம் ஸ்டோர் கேள்வி! மழையால் எண்ணுவது தள்ளிப்போன வருடம் நாம் இரண்டு பேரும் செய்த வேலை. அந்த மூன்று நாளில் வெளியே போன பெட்டிகளைக் கூட்டு, உள்ளே வந்த பெட்டிகளைக் கழி. உடைந்த பெட்டிகளைப் பற்றியும் சொன்னேன். இலக்கணம் எல்லாம் கெட்டுப்போனது, ஆனாலும் நிறுத்தாமல் சொன்னேன். யாரையும் கூப்பிடவில்லை.

நான்கு நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. மோசடி இல்லை. புள்ளிகள் செல்லும், பரீட்சையில் நான் சித்தியடைந்துவிட்டேன். ஆனால் பரீட்சையில் சத்தமாகப் பேசியது விதிக்கு மாறானது என்று எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தடவை குரல் கேட்டால் பரீட்சை அந்த இடத்திலேயே நிறுத்தப்படும்.

சந்தோஷத்தில் வகுப்புப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே மாணவர் பட்டியலில் என் பெயருக்கு இரண்டு வரி கீழே உங்கள் பெயர் இருக்கும். இந்த ஏழு மாதமும் இருந்தது. அன்றைக்கு இல்லை. அந்தக் கடதாசியைப் பார்த்து எடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் பிழை இல்லை. ஆனால் அனுப்பியது யார்? நான்தானே. என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போய் உங்களை அதிலிருந்து இறக்கிவிட்டேனே. அன்று பஸ்ஸில் வத்தேகம வந்து சேரும்வரை யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் இதிலாவது இருக்கட்டும்: கம்பளை நஸ்லியா, கணக்கியல் பட்டப்படிப்பு, மூன்றாம் ஆண்டு மாணவி. எடுத்த எல்லாப் பாடத்திலும் சித்தி.

வியாழக்கிழமை வரிக் கணக்குப் பரீட்சை. வாயைத் திறக்காமல் எழுதப் பழகுகிறேன். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாளைச் செய்து பார்க்கிறேன். மூன்றாம் கேள்வி வரும்போது விழுங்கிவிடுகிறேன். "என்ன புள்ள, பல்லு வலியா?" என்று அம்மா கேட்கிறார். எனக்குப் பயம் கொஞ்சமும் குறையவில்லை, தாத்தா. விசாரணைக்கு முன்னால் பெயில் ஆகிவிடுவேன் என்று மட்டும்தான் பயம். இப்போது என்னை அறியாமல் வாய் திறந்துவிடுமோ என்றும் பயம். திறக்காமலே இருந்து பழகிப்போய்விடுமோ என்று இன்னொரு பயம். மூன்றில் எது பெரிது?

ஒன்று மட்டும் வாக்குத் தருகிறேன். வியாழக்கிழமை உங்களைக் கூப்பிட மாட்டேன், கோபிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை கடையில் அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். உம்மாவின் கடதாசியைத் திருப்பிக் கொடுக்கக் கம்பளைக்குப் போவேன். பரீட்சை எப்படி என்று அவர் கேட்பார். பயந்தேன் உம்மா, ஆனால் கடைசிக் கேள்வி வரைக்கும் கதிரையை விட்டு எழும்பவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி எழுதுவேன்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
கௌசல்யா
வத்தேகம